மணி அடிக்காமல் ஒரு வெடி

ஓடுவது எனக்குப் பிடிக்காது. அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. விருதுநகரில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். எங்கள் வீட்டு ஆண்களுக்கு உட்காருவதுதான் தொழில். காலையில் குளித்து, திருநீறு பூசி, மண்டியில் போய் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். லாரியும் தரகரும் எங்களைத் தேடி வர வேண்டும். தெருவில் கொஞ்சம் எட்டி நடை போட்டால்கூட, "என்ன, மண்டியில தீப்பிடிச்சிருச்சா?" என்று கேட்பார்கள்.

பங்காளிகள் மண்டியைப் பிரித்துக்கொண்ட பிறகு எனக்கு உட்கார இடமில்லாமல் போயிற்று. சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்கெழுதச் சேர்ந்து, வெடிமருந்து வேலையைப் பார்த்துப் பார்த்துப் பழகி, பரீட்சையும் எழுதி, போர்மேன் ஆனேன். ஐம்பதுகள் முடிந்து அறுபதுகள் தொடங்கியிருந்த சமயம். தாயில்பட்டியில் வீடு. அங்கிருந்து ஏழாயிரம்பண்ணை போகும் ரோட்டில், கரிசல் காட்டுக்கு நடுவே கம்பெனி. முப்பது தாண்டிய வயது, ஒரு தொப்பை, ஒரு மனைவி என்று மூன்று இருந்தன எனக்கு. மூன்றும் என் சொல்லைக் கேட்டதில்லை.

போர்மேன் வேலை என்பது பாதி நாள் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பது. "ஓடாதீக." மருந்துக் கொட்டகைக்குள் யாரும் ஓடக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, எதையும் தரையில் இழுக்கக் கூடாது. கால் இடறி ஒரு தட்டு விழுந்தால் போதும். சாப்பாட்டு மணி அடித்ததும் வேகமாக எட்டு வைக்கிறவர்களைத் திருப்பி அனுப்பி, மறுபடி மெதுவாக நடந்து வரச் சொல்வேன். பசியோடு இருக்கிறவர்களிடம் இப்படி நடந்துகொள்வது கொடுமைதான். ஆனால் சும்மா விட்டுப் பார்த்த கம்பெனிகளின் கூரைத் தகடு எந்தக் காட்டில் போய்க் கிடந்தது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

ஓடுவதற்கு ஒரே ஒரு நேரம் உண்டு. தினமும் சாயங்காலம் அன்றைய சரக்கில் சாம்பிள் எடுத்து வெடித்துப் பார்ப்போம். அதற்கு முன்னால் வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டி மணி அடிப்போம். மணி அடித்துவிட்டு வெடித்தால் யாரும் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். மணி அடிக்காமல் சத்தம் கேட்டால், கையில் இருப்பதைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓட வேண்டும். ஓடுவதும் கண்ட பக்கம் அல்ல. புகையும் பொறியும் காற்றோடு போகும் என்பதால் ஆட்கள் காற்றுக்கு எதிரே போக வேண்டும். காற்று எந்தப் பக்கம் என்று தெரிய, கம்பத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தோம். எல்லாரும் தூரத்தில் போய் நின்ற பிறகு போர்மேன் தலை எண்ண வேண்டும். மாதம் ஒரு தடவை ஓடவிட்டுப் பழக்குவோம். அவர்கள் ஓடுவார்கள், நான் நின்று எண்ணுவேன். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

எங்களிடம் திரி சொருகும் வேலையில் ஒரு பெண் இருந்தாள். புருஷன் இல்லை, ஒரே மகன். அந்தப் பையனுக்குப் பெரியம்மை கண்டு, கண் இரண்டும் மூடிப்போய், திறக்குமா என்றே தெரியாமல் கிடந்தபோது இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். கண்ணைக் கொடுத்தால் ஆடிக் கடைசி வெள்ளியன்று அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று. பையன் பிழைத்தான், கண்ணும் திறந்தது. ஆனால் ஆடி என்றால் எங்களுக்குத் தீபாவளி சீசன். வடக்கே போக வேண்டிய லோடு எல்லாம் அப்போதுதான் நெருக்கும். சீசனில் ஒருவருக்கும் லீவு கிடையாது என்பது முதலாளியின் உத்தரவு. மீறிப் போனால் அந்த இடத்தில் மறுநாளே வேறு ஆள் உட்கார்ந்திருக்கும்.

"ரெண்டு வருசமா அம்மாளை ஏமாத்திட்டேன் அண்ணாச்சி," என்றாள் ஒருநாள். கை திரியைச் சொருகிக்கொண்டேதான் இருந்தது. "இந்த வருசமும் போகலைன்னா, குடுத்த கண்ணைத் திருப்பி எடுத்துக்கிடுவா."

எனக்கு இந்த விஷயங்களில் பெரிய நம்பிக்கை இல்லை. அவளுடைய பயம் உண்மை என்பதில் மட்டும் சந்தேகம் வரவில்லை. சனிக்கிழமை சம்பளம் கொடுக்க முதலாளி வந்தபோது அவளையும் இன்னும் சில பெண்களையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன்.

முதலாளி கெட்டவர் அல்ல. சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லும் ரகம். அன்று அவருக்கு வேறொரு தலைவலி இருந்தது. கம்பெனி முதலாளிகள் எல்லாம் சேர்ந்து சிவகாசியில் விளையாட்டுப் போட்டி வைத்திருந்தார்கள். அதில் போர்மேன்களுக்கு என்று தனியாக இருநூறு கெஜ ஓட்டம். ஒவ்வொரு கம்பெனியும் ஓர் ஆள் அனுப்பியாக வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே போர்மேன். அவர் என் தொப்பையைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இந்தா பாருங்க. நம்ம போர்மேன் பந்தயத்துல மூணுக்குள்ள வந்தார்னா ஆடிக் கடைசி வெள்ளி கம்பெனிக்கே லீவு. லாரியும் நானே தாரேன். வரலைன்னா இதைப் பத்திப் பேச்சே எடுக்கப்படாது. சரிதானா?"

பெண்களும் முதலில் தொப்பையைத்தான் பார்த்தார்கள். பிறகு திரிக்காரப் பெண், "சரி முதலாளி," என்றாள். நான் சரி சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை.

வீட்டில் சொன்னதும் மனைவி அடுப்பை விட்டு எழுந்து வந்து என்னைச் சுற்றிப் பார்த்தாள். "நீங்களா? கெணத்தடி வரைக்கும் போறதுக்கே ரெண்டு இடத்துல உக்காருவீகளே," என்றாள். அன்று ராத்திரி சாப்பாட்டில் எனக்கு மட்டும் ஒரு கரண்டி சோறு குறைந்தது. பயிற்சி அங்கிருந்து தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் காக்கி அரைக்கால் சட்டையும் பனியனும் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். தெருமுனை தாண்டுவதற்குள் விலாவில் பிடித்துக்கொண்டது. பால்காரர் சைக்கிளை நிறுத்தி, "பஸ்ஸ விட்டுட்டீகளோ? ஏறிக்கிடுங்க, கொண்டுபோய் விடுதேன்," என்றார். நாய்கள் வேறு. அந்தத் தெருவில் என்னை அதுவரை ஏறெடுத்தும் பார்க்காத நாய்கள். இது எனக்குத் தேவையா என்று வழி நெடுக முதலாளியைத் திட்டிக்கொண்டே போனேன்.

மூன்றாம் நாள் கம்பெனி வரைக்கும் ஓடிப் பார்ப்போம் என்று அசட்டுத் தைரியம் வந்தது. கம்பெனி வாசலைத் தொட்டுவிட்டு, திரும்பி வீட்டைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தேன். வேலைக்கு வரும் பெண்கள் தூக்குச்சட்டியோடு எதிரே வந்தார்கள். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை. ஓடாதே என்று சொல்லியே வாழ்கிற போர்மேன், கம்பெனிப் பக்கமிருந்து வேர்க்க விறுவிறுக்க ஓடி வருகிறான் என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? தூக்குச்சட்டிகளை ரோட்டில் போட்டுவிட்டு மொத்தப் பேரும் திரும்பி ஓடினார்கள். யாரோ ஒருத்தி, "காத்தப் பாருங்கடி, காத்து மேக்க இருந்து வருது," என்று கத்த, அத்தனை பேரும் ரோட்டை விட்டு மேற்கே கருவேலங்காட்டுக்குள் பாய்ந்தார்கள். நான் "ஒண்ணுமில்ல, நில்லுங்க," என்று கூவிக்கொண்டே பின்னால் ஓடினேன். நான் துரத்தத் துரத்த விபத்துதான் என்ற நம்பிக்கை அவர்களுக்கு உறுதிப்பட்டு வேகம் கூடியது. அன்று பாதிப் பேருக்குக் காலில் முள். கஞ்சியெல்லாம் ரோட்டில். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, எவ்வளவு நன்றாகப் பழகியிருக்கிறார்கள் என்று ஒரு பெருமையும் இருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு கம்பெனித் திசையில் ஓடவில்லை. ஊருக்கு மறுபக்கம் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு வழி பிறந்தது. காலை பஸ்ஸின் கண்டக்டர் எனக்குப் பழக்கம். பந்தயத்தைத் தொடங்க விசில்தான் ஊதுவார்கள் என்று கேள்விப்பட்டு, அவரிடம் சொல்லி வைத்தேன். அவர் 'ரைட்' கொடுத்து விசில் ஊதியதும், பஸ்ஸும் நானும் ஒன்றாகக் கிளம்புவோம். எதிரே தெரியும் புளியமரம் வரை. முதல் கியரில் பஸ் முனகிக்கொண்டிருக்கும்வரை நான் முன்னால் போவேன். பிறகு அது என்னைத் தாண்டும், ஜன்னலோரம் இருப்பவர்கள் எனக்கு ஒரு புத்திமதியை எறிந்துவிட்டுப் போவார்கள். கையை நல்லா வீசுங்க. வாயை மூடுங்க. ஒரு கிழவர் தினமும், "எறங்கி ஓடுறதுக்கு ஏறி உக்காந்துக்கிடலாம்ல," என்பார். எனக்கும் அதே கருத்துதான்.

வாரங்கள் போகப் போகத் தொப்பை கொஞ்சம் இறங்கியது. விலா வலி புளியமரத்தைத் தாண்டிய பிறகுதான் வந்தது. ராத்திரி மனைவி ஊக்கு எடுத்துக்கொண்டு என் பாதத்தில் முள் தோண்டுவாள். "மூணுக்குள்ள வந்துருவீக போலிருக்கே," என்றாள் ஒருநாள். சிரிக்காமல் சொன்னாள். கம்பெனியில் திரிக்காரப் பெண் எதுவும் கேட்பதில்லை. என் காலைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை எனக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

ஆடி பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிவகாசியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தயம். எங்கள் கம்பெனி ஆட்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். திரிக்காரப் பெண் மகனையும் கூட்டி வந்திருந்தாள். முதலாளிமார் பந்தலுக்குக் கீழே நாற்காலியில். ஆடிக்காற்று மேற்கிலிருந்து புழுதியை வாரி அடித்தது.

ஏற்பாடெல்லாம் ஓர் அச்சாபீஸ் முதலாளி. பட்டாசுக்கு லேபிள் அச்சடிப்பவரே தவிர, கொட்டகைக்குள் கால் வைத்தவர் அல்ல. நல்ல மனுஷர், எதையும் யோசித்துச் செய்வார். காற்று முதுகில் தள்ளினால் ஓடுகிறவர்களுக்குச் சுகமாக இருக்கும் என்று மேற்கே கோடு போட்டுக் கிழக்கே நாடா கட்டியிருந்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். வெடி செய்கிற ஊரில் விசில் ஊதி ஓட்டம் தொடங்குவதா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், சணல் சுற்றிய பெரிய வெடி ஒன்றை எங்களுக்குப் பின்னால் சுண்ணாம்பு டின்களுக்கு மறைவில் வைத்து, பற்றவைக்க ஓர் ஆளையும் நிறுத்தியிருந்தார்.

கோட்டில் நின்றவர்கள் பெரும்பாலும் பட்டாசுக் கம்பெனி போர்மேன்கள். ஓரத்தில் அச்சாபீஸ் போர்மேன் ஒருவர், ஒல்லியாக, தொப்பையே இல்லாமல். அவரைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. விசிலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தேன்.

டமார் என்றது.

நான் எதையும் நினைக்கவில்லை. கண் தானாகப் பந்தல் துணி ஆடும் பக்கத்தைப் பார்த்தது. உடம்பு திரும்பியது. மேற்கே ஓடினேன். சத்தம் வந்ததே அந்தப் பக்கமிருந்துதான் என்பதுகூட உறைக்கவில்லை. என் இரண்டு பக்கமும் மற்ற போர்மேன்கள் மேற்கே ஓடிக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்த்த கூட்டம் மொத்தமும் எழுந்து மேற்கே ஓடியது. பஸ்ஸோடு ஓடிய நாட்களில் ஒருநாள்கூட நான் அந்த வேகத்தில் ஓடியதில்லை. மைதானத்தின் வேலியைத் தாண்டி எங்கள் ஆட்கள் நிற்கும் இடத்தை அடைந்ததும் கையை நீட்டி எண்ணத் தொடங்கினேன்.

பக்கத்தில் யாரோ மூச்சிரைத்தார்கள். பார்த்தால் முதலாளி. வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு, காலில் செருப்பில்லாமல், முகம் வெளுத்துப்போய் நின்றார்.

"எல்லாரும் வெளிய வந்தாச்சா?" என்றார்.

"ஒரு ஆள் குறையுது முதலாளி."

அவர் முகத்தில் அப்போது வந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இருவரும் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தோம். கொட்டகை இல்லை. தீ இல்லை. காலி நாற்காலிகள், சுண்ணாம்புக் கோடு, அதன்மேல் கரைந்துகொண்டிருந்த ஒரு பிடிப் புகை. கிழக்குக் கோடியில் அச்சாபீஸ் போர்மேன் மட்டும் மார்பில் நாடாவோடு தனியாக நின்று, ஏன் யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விளங்கிவிட்டது. ஆனாலும் முதலாளி, "யாரு குறையுது?" என்றார். நான் மறுபடி எண்ணினேன். திரிக்காரப் பெண்ணைக் காணோம். இருவரும் ரோட்டைப் பார்த்தோம். ரோடு திரும்பும் இடத்திலிருந்து, மகனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் நடந்து வந்தாள். இடுப்பில் வைக்கும் வயதைத் தாண்டிய பையன். காற்றுக்கு எதிரே, அந்தக் கனத்தோடு, எங்கள் எல்லாரையும்விட அதிக தூரம் ஓடியிருந்தாள்.

அப்புறம் சிரிப்புக் கிளம்பியது. ஒருவரை ஒருவர் கை நீட்டிக் காட்டி எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்பு ரொம்ப நேரம் ஓடவில்லை. நாம் ஏன் ஓடினோம் என்பது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். பெண்கள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவரவர் குழந்தையைத் தேடப் போனார்கள்.

அச்சாபீஸ் போர்மேன் தனக்குத்தான் பரிசு என்று வாதாடினார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி ஓடுவது என்று முடிவாயிற்று. ஏற்பாட்டாளர் கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் வந்து, விசிலே ஊதிவிடட்டுமா என்று கேட்டார். பாவமாக இருந்தது. "வெடியே போடுங்க. அதுக்கு முன்னால மணி அடிச்சிருங்க," என்றேன். பள்ளிக்கூட மணியை ஒருவர் போய் அடித்தார். கூட்டம் முழுவதும் அசையாமல் உட்கார்ந்தது. பிறகு வெடி வெடித்தது. கிழக்கே ஓடினோம்.

முன்பே ஒரு தடவை உயிரைக் கொடுத்து ஓடிவிட்ட கால்கள். பாதி வழியில் விலா பிடித்தது. அச்சாபீஸ்காரர் ரொம்ப முன்னால் போய்விட்டார், அவருக்குப் பின்னால் ஒரு இளவட்டம். மூன்றாவதாக, வெம்பக்கோட்டைப் பக்கத்துப் போர்மேன் ஒருவர், என்னைவிட மூத்தவர், தலை நரைத்தவர். அவருடைய பனியன் முதுகு என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கடைசிவரை அங்கேயே இருந்தது. நான் நாலாவதாக வந்தேன்.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஆட்கள் இருந்த பக்கம் பார்க்கத் தைரியமில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. புழுதி என்று சொல்லிக்கொண்டேன், ஆனால் அழுகைதான். பிடிக்காத காரியத்தை அத்தனை நாள் செய்து, கடைசியில் ஒரு கை நீளத்தில் தோற்றால் யாருக்கும் வரும். அதோடு அவளுடைய மூன்றாவது வருஷமும் போயிற்று.

முதலாளி வந்து பக்கத்தில் நின்றார். ஒரு செருப்புக் கிடைத்திருந்தது, மற்றதைக் காணவில்லை.

"நாலாவதா?"

"ஆமா முதலாளி."

அந்தப் பெண் பையனைக் கீழே இறக்கிவிட்டு அவன் காலில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கடைசி வெள்ளிக்கெளமை லாரி எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.

மூணுக்குள் வரவில்லையே என்று நான் நினைவுபடுத்தவில்லை. அவ்வளவு உத்தமன் இல்லை நான். "வெள்ளன நாலு மணிக்கு வந்தா நல்லது," என்றேன்.

இருக்கன்குடியில் அன்று எள் போட்டால் விழாத கூட்டம். ஆற்று மணலெல்லாம் ஜனம். கோயில் மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. நேர்ந்துகொண்டவர்கள் நாலாபக்கமும் வெடி போட்டார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர்கூட ஓடவில்லை. என் கை மட்டும் தலை எண்ணத் துறுதுறுத்தது. கூட்டத்தின் ஓரத்தில் ஒதுக்கி நிறுத்தி எல்லாரையும் எண்ணினேன். ஓர் ஆள் குறைந்தது. மறுபடி எண்ணினேன். அப்போதும் குறைந்தது.

பிறகுதான் முன்னால் பார்த்தேன். இரண்டு கைகளிலும் அக்கினிச்சட்டியை ஏந்திக்கொண்டு, எதிரே அடித்த காற்றில் பொறிகள் தோளுக்கு மேல் பின்னால் பறக்க, அவள் கோயிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். பையன் சேலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை அகல விழித்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கூடப் போனான். அவள் ஓடவில்லை. கொட்டகைக்குள் நடப்பதைப் போல மெதுவாக நடந்தாள். நான் கடைசி விரலை மடக்கி அவளையும் சேர்த்துக்கொண்டேன்.